சாரலில் ஒரு குறவஞ்சி: மேடையேற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்காசிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், வேலை நேரம் போக நாடகம் போடும் குழு ஒன்று இருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள், ஜவுளிக்கடை ஊழியர், மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்ட ஆட்கள். இயக்குநர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எல்லோருக்கும் அவர் 'சார்வாள்'. அதுவரை வசன நாடகங்களே போட்டு வந்தவர்கள், ஊரில் ஆடி மாதம் நடந்த ஒரு விழாவுக்காகத் திருக்குற்றாலக் குறவஞ்சியை எடுத்தார்கள். குறவஞ்சி என்பது, காதலில் வாடும் தலைவிக்குக் குறத்தி குறி சொல்லும் பழைய பாட்டு நாடகம். பனுவலைச் சுருக்கித் தொகுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அந்த வகையில் ஒத்திகை முதல் அரங்கேற்றம் வரை கூடவே இருந்தேன். குறவஞ்சியையோ பள்ளு நாடகத்தையோ மேடையேற்ற நினைக்கும் வேறு குழுக்களுக்குப் பயன்படட்டும் என்று இதைப் பதிவு செய்கிறேன். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன்.

குறவஞ்சியை எழுதியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் காலம் (1706–1732). நூலைக் கேட்டு மகிழ்ந்த மன்னர் கவிராயருக்கு மானியமாக விட்ட நிலம்தான் 'குறவஞ்சி மேடு' என்று இந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள். கதை சின்னது. குற்றாலநாதர் திருவுலா வருகிறார். பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு மயங்குகிறாள். நிலவையும் மன்மதனையும் பழித்துப் புலம்புகிறாள், பாங்கியைத் தூது விடுகிறாள். குறி சொல்லக் குறத்தி வருகிறாள். தன் மலையின் வளம் பாடி, கை பார்த்து, உன் மனதில் இருப்பவன் குற்றாலநாதன்தான் என்கிறாள். பரிசு வாங்கிக்கொண்டு அவள் போன பிறகு, அவளைத் தேடிக் கணவன் சிங்கன் வருகிறான். வந்த இடத்தில் பறவைக்குக் கண்ணி வைக்கிறான். கடைசியில் சிங்கியை, அதாவது அந்தக் குறத்தியை, கண்டுபிடிக்கிறான்.

1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் இதை நாட்டிய நாடகமாக்கிய பிறகு, குறவஞ்சி என்றாலே பரதநாட்டியம் என்ற எண்ணம் பலருக்குப் பதிந்துவிட்டது. இந்தக் குழுவில் முறையாக நாட்டியம் படித்தவர் ஒருவரும் இல்லை. பாடத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆகவே ஆடிக் காட்டுவதை விட்டு, பாடியும் பேசியும் நடிப்பது என்று முதல் நாளே தீர்மானமானது. அது நல்ல தீர்மானம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

தொடக்கத்தில் கண்டவை

முழுப் பனுவலையும் பாடினால் ராத்திரி முழுக்கப் போகும். இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கச் சொன்னார்கள். காப்புச் செய்யுட்களும் ஒரே செய்தியைத் திரும்பச் சொல்லும் விருத்தங்களும் முதலில் போயின. உலாவில் பெண்கள் மயங்கும் பகுதி பாதியானது. அதுவரை யாருக்கும் வருத்தம் இல்லை.

தகராறு தொடங்கியது இயற்கை வருகிற இடங்களில். காதல் காட்சி நடிகர்களுக்குப் பிடிபட்டது, நகைச்சுவை பிடிபட்டது. மலையும் வயலும் பறவையும் வருகிற பாட்டுகளில் கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் நின்றார்கள். 'வானரங்கள் கனிகொடுத்து' என்று தொடங்கும் மலைவளப் பாட்டு பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்தது. அதனாலேயே வகுப்பில் ஒப்பிப்பதுபோல வந்தது. குறத்தியாக நடித்த ஆசிரியை நல்ல குரல்காரர். அவரே, "பாடுறேன் சார்வாள், ஆனா யார்கிட்ட பாடுறேன்னு தெரியலையே" என்றார்.

அந்தக் கேள்விதான் எங்களுக்கு வழிகாட்டியது. குறத்தி வெறும் மலையைப் பாடவில்லை. காய்ச்சல் கண்டதுபோல் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு முன்னால் நின்று பாடுகிறாள். வசந்தவல்லிக்கு இயற்கை முழுவதும் பகையாகிவிட்டது. அமுதத்தோடு பிறந்த நிலவே, உனக்கு அந்தக் குளிர்ச்சி ஏன் மறந்துபோனது என்று சண்டை போட்டு முடித்திருக்கிறாள். அந்த வீட்டுக்குள் ஒருத்தி கூடையும், குறி சொல்பவர் கையில் வைத்திருக்கும் மாத்திரைக்கோலுமாக வந்து, எங்கள் மலையில் மந்தி சிந்துகிற பழத்துக்கு வானோர் கெஞ்சுவார்கள், அருவி எழும்பிச் சூரியனின் தேர்ச்சக்கரம் வழுக்கும் என்று சொன்னால், கேட்பவளின் முகம் மாறத்தானே செய்யும்? சார்வாள் அன்றே நடிப்பை மாற்றினார். மலைவளம் முழுவதையும் குறத்தி வசந்தவல்லியைப் பார்த்தே பாட வேண்டும்; படுத்திருந்தவள் பாட்டின் நாலாம் கண்ணிக்குள் (கண்ணி என்பது இங்கே இரண்டடிப் பகுதி) எழுந்து உட்கார வேண்டும். பாட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒப்பிக்கும் தோரணை பாதிக்கு மேல் குறைந்தது.

எல்இடி திரை

விழாவுக்கு உதவிய ஒருவர் மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரையை வாடகை இல்லாமல் தந்தார். பேரருவி, ஐந்தருவி, தேனருவி எல்லாவற்றையும் படம் பிடித்து ஓட்டலாம் என்று இளைஞர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் தெரிந்தவர்களை மட்டும் அழைத்து வெள்ளோட்டம் பார்த்தபோது திரையைப் பயன்படுத்தினோம்.

கண்டது இது. திரையின் வெளிச்சத்தில் குறத்தியின் முகம் இருண்டுவிட்டது. அருவி விழுந்துகொண்டே இருந்ததால் பார்வையாளர் கண் அங்கேயே இருந்தது. பலர் கைப்பேசியில் அருவியைப் படம் பிடித்தார்கள். அருவியை நேரில் பார்க்க அவர்களுக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரம் போதும் என்பதை நினைத்தால் வேடிக்கைதான். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பாட்டில் அருவித் திரை வானத்துக்கு எழும்புகிறது. திரையில் அருவி கீழே கொட்டுகிறது. கவிராயர் சொல்லும் மலை கேமராவில் அகப்படாது. சித்தர் வானில் நடமாடுவார்கள், கானவர் கண்ணை எறிந்து வானவரை அழைப்பார்கள். மெய்யான அருவியைப் பக்கத்தில் காட்டியதும் பாட்டு பொய்யாகிவிட்டது.

ஓசி திரையை வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இல்லை. கொடுத்தவர் மனம் கோணக் கூடாது. படத்துக்குப் பதில் பாட்டின் வரிகளை ஓட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதையும் செய்து பார்த்தோம்; எல்லோரும் படிக்கத் தொடங்கினார்கள், நடிப்பைப் பார்க்கவில்லை. கடைசியில் திரை உலாக் காட்சிக்கு மட்டும் என்றானது. குற்றாலநாதராக ஆள் யாரையும் நிறுத்தாமல், திரையில் வெறும் பொன்னிற ஒளியும் நாகசுரமும் மட்டும். வசந்தவல்லி எதைப் பார்த்து மயங்கினாள் என்பதைக் கூட்டமே நினைத்துக்கொள்ளட்டும் என்றார் சார்வாள். திரை கொடுத்தவருக்கும் அது சம்மதமாயிற்று.

பொருள் புரியாமல் போகுமே என்ற கவலைக்குக் கட்டியக்காரன் கைகொடுத்தான். பனுவலில் அவன் தொடக்கத்தில் வந்து உலாவை அறிவித்துவிட்டுப் போகிறவன். அவனை நாடகம் முழுக்க மேடை ஓரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பெரிய பாட்டுக்கும் முன்னால் பேச்சுத் தமிழில் இரண்டு வரி சொல்ல வைத்தோம். உரை மாதிரி இருக்கக் கூடாது, வம்பு பேசுவதுபோல இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஜவுளிக்கடை ஊழியர் அதை அருமையாகச் செய்தார்.

சிங்கனின் வேஷம்

வெள்ளோட்டத்தில் சிங்கனுக்கும் சிங்கிக்கும் போட்ட உடை வாடகைக் கடையில் எடுத்தது. கழுத்து நிறையப் பாசிமணி, தலையில் உருமால், தோளில் நாட்டுத் துப்பாக்கி, பேச்சில் சினிமாவில் கேட்டுப் பழகிய இழுவை. கூட்டம் சிரித்தது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒலிபெருக்கி வேலைக்கு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் சார்வாளிடம் தனியாக வந்தார். "சார், இது எங்க ஆளுகளப் பாத்துச் செஞ்ச வேஷம். பாட்டுல வார சிங்கன் நாங்க இல்ல" என்றார். அவர் நரிக்குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியும்.

குழுவுக்குள் வாக்குவாதம் நடந்தது. காலங்காலமாக இப்படித்தானே போடுகிறார்கள் என்றார் ஒருவர். யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லையே என்றார் இன்னொருவர். சார்வாள் பனுவலைப் பிரிக்கச் சொன்னார். குறத்தி தன் குலத்தைச் சொல்லும் பாட்டில் தெளிவாகவே இருக்கிறது: இலஞ்சி வேலவருக்குப் பெண் கொடுத்தவர்கள் நாங்கள், மலைகளையெல்லாம் சீதனமாகக் கொடுத்தவர்கள் நாங்கள் என்கிறாள். வள்ளிக்கிழங்கு கல்லி எடுக்கிற, தினைப்புனம் காக்கிற மலைக்குறத்தி அவள். வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வேறு மக்கள். அந்த மாணவர் சொன்னது உணர்ச்சியால் சொன்னது மட்டுமில்லை, பனுவலின்படியும் சரி.

உடை மாறியது. பாசியும் துப்பாக்கியும் போயின. குன்றிமணி மாலை, மூங்கில் கூடை, முரட்டுத் துணி, கண்ணி முடிந்த கயிறு வந்தன. இழுவைப் பேச்சு போய், எங்கள் பக்கத்துத் தமிழே வந்தது. சிரிப்பு குறையுமோ என்று சிங்கனாக நடித்தவர் பயந்தார். சிங்கி காலில் கிடப்பது விரியன் பாம்போ என்று அவன் அரண்டு கேட்க, சேலத்தில் குறி சொல்லி வாங்கிய சிலம்புடா என்று அவள் சொல்கிற கேள்வி பதிலில் சிரிப்பு பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. கேலி அங்கே சாதியைப் பற்றியதே இல்லை. பெண்டாட்டி தன்னை விட்டு ஊர் ஊராகச் சம்பாதித்துவிட்டு வந்திருக்கிறாளே என்று பொருமும் கணவனைப் பற்றியது.

இந்த மாற்றத்துக்கு எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழக அரசு 2023இல் தடை விதித்திருந்ததால், அனுமதி விண்ணப்பத்தில் 'குறவஞ்சி' என்ற சொல்லைக் கண்டதும் இது என்ன என்று கேட்டார்கள். பனுவலையும் புதிய உடைகளின் படத்தையும் கொண்டுபோய்க் காட்டியதும் பேச்சு முடிந்தது. பழைய வேஷத்தோடு போயிருந்தால் விளக்கம் சொல்லச் சிரமப்பட்டிருப்போம்.

வெட்டிய வயல்கள்

சிங்கன் பகுதியில் பறவைகள் வருவதும் மேய்வதும் நீளமான பாட்டுகள். குருகு, நாரை, கூழைக்கடா, செங்கால்நாரை, காடை, கம்புள், கொண்டைக்குலாத்தி, மாடப்புறா, மயில் என்று கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். பிறகு அவை மேயும் ஊர்களும் வயல்களும் வரிசையாக வரும். வயல் வரிசையை மொத்தமாக வெட்டும்படி குழு முடிவு செய்தது. வெறும் பெயர்ப் பட்டியல், மேடையில் தூங்கிவிடும் என்பது காரணம். நேரக் கணக்கைப் பார்த்தால் அந்தக் காரணம் நியாயமானதே.

ஒத்திகை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தினமும் வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்பார். வெட்டிய பகுதியை அவர் சின்ன வயதில் கேட்டிருக்கிறார் போலும். "என்ன சார்வாள், ஆயிரப்பேரியக் காணும்? எங்கூர்ப் பேர வெட்டிட்டு எந்தூர்ப் பாட்டப் பாடப் போறிய?" என்றார். பனுவலில் பறவைகள் ஆயிரப்பேரியையும் தென்காசியையும் சுற்றி, அயிரையும் தேளியும் ஆராலும் கொத்தி மேய்கின்றன. ஆயிரப்பேரி இன்றும் இருக்கிறது. அயிரை இன்றும் குழம்பாகிறது.

நாங்கள் அலங்காரம் என்று நினைத்து ஒதுக்கியது விலாசம் என்று எனக்கு அப்போது தோன்றியது. இந்த நாடகத்தில் இயற்கை பொதுவான காடோ மலையோ வயலோ இல்லை; பெயர் சொல்லி அழைக்கக்கூடிய குளமும் வயலும் மீனும். காதலும் அந்தத் தரையில்தான் நடக்கிறது. வசந்தவல்லியின் காதல் நிலவையும் தென்றலையும் பார்த்துப் புலம்பும். சிங்கனின் காதலோ கண்ணி வைக்கிற கையைத் தடுமாற வைக்கும். சிங்கி நினைவு வந்து அவன் கவனம் சிதறுகிறான், பறவைகள் தப்பிவிடுகின்றன. ஆசையின் நஷ்டம் அவனுக்கு அன்றைய சாப்பாடு. வயலையும் மீனையும் வெட்டிவிட்டால் அந்த நஷ்டம் வெறும் நகைச்சுவையாகச் சுருங்கிவிடும்.

கேட்கிற கூட்டத்துக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள் வரும் கண்ணிகளை மட்டும் திரும்பச் சேர்த்தோம். கோயிலுக்குக் கட்டளை (அறக்கொடை) வைத்த பழைய ஆட்களின் பெயர்கள் வருபவை வெளியிலேயே நின்றன. பறவைகளுக்கு முதலில் அட்டையில் வெட்டிய பொம்மைகள் இருந்தன. அவற்றைத் தூக்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு நடுவில் அங்கங்கே உட்கார வைத்தோம். பெயர் வரும்போது அந்தப் பறவையின் குரலில் கூப்பிட்டபடி எழுந்து மேடையை நோக்கி வர வேண்டும். பறவை பார்க்கும் பழக்கமுள்ள அறிவியல் ஆசிரியை ஒருவர் குரல்களைச் சொல்லிக் கொடுத்தார். கொண்டைக்குலாத்தி நாம் கொண்டலாத்தி என்பதே. 'ஊப் ஊப்' என்ற அதன் குரல் பிள்ளைகளுக்கு உடனே வந்தது. கூழைக்கடா பெரும்பாலும் சத்தமே போடாது என்றதும், அந்த வேஷம் கிடைத்த பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவனைக் கழுத்தை உள்ளிழுத்து மெல்ல நடந்து வரச் சொன்னோம். கடைசியில் அவன் நடைக்குத்தான் கைதட்டு.

அரங்கேற்ற இரவு

ஆடி மாதம், திறந்த மேடை. சாரல் வரும் என்று தெரிந்தே மேடைக்கு மேல் தகரம் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆரியங்காவு வழியாக வரும் காற்று மாலையிலிருந்தே வீசியது. ஈரத்தில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. வாசிப்பவர் ஒவ்வொரு காட்சி இடைவெளியிலும் வாரைத் தட்டிச் சரிசெய்தார்.

உலாவும் பந்தடித்தலும் நன்றாகப் போயின. நிலவைப் பழிக்கும் பாட்டின் நடுவே தூறல் கனத்தது. ஒலிபெருக்கிக்காரர் பயந்து மின்சாரத்தை நிறுத்தினார். ஏறத்தாழ அரை மணி நேரம் ஆட்டம் நின்றது. கூட்டத்தில் கணிசமான பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குடை கொண்டுவந்தவர்களும் பக்கத்துக் கடைகளின் தாழ்வாரத்தில் ஒதுங்கியவர்களும் மிஞ்சினார்கள். திரும்பத் தொடங்கியபோது நேரம் இல்லை. தூதும், காதலன் வருவானா என்று மணலில் வளையம் இழைத்துப் பார்க்கும் கூடலிழைத்தலும் கைவிடப்பட்டு, நேராகக் குறத்தி வருகைக்குப் போனோம். அந்த முடிவைச் சார்வாள் மேடை ஓரத்தில் நின்றபடியே எடுத்தார். கட்டியக்காரன் நடுவில் விட்டுப்போன கதையை நாலு வாக்கியத்தில் சொல்லி ஒட்டினார். முன்பே அவரை ஓரத்தில் நிறுத்தியிருந்ததால்தான் இது முடிந்தது.

மலைவளம் எதிர்பார்த்த அளவுக்கு எடுபட்டது என்று சொல்ல மாட்டேன். குறத்தி நன்றாகப் பாடினார். வசந்தவல்லி எழுந்து உட்கார்ந்த இடத்தில் ஒரு சலசலப்பு இருந்தது. ஆனால் நனைந்த கூட்டம் இன்னும் அடங்கி உட்காரவில்லை. பறவைக் காட்சியில்தான் எல்லோரும் ஒன்றானார்கள். தங்கள் நடுவிலிருந்தே பிள்ளைகள் கூவிக்கொண்டு எழுந்ததும் தாழ்வாரத்தில் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். ஆயிரப்பேரி என்ற பெயர் வந்தபோது பின்வரிசையில் விசில். சிங்கன் அடுத்த கண்ணியைத் தொடங்கச் சற்றுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பின் நிகழ்ந்தவை

அடுத்த வாரம் குழு உட்கார்ந்து பேசியது. நின்றுபோன ஆட்டத்தைப் பற்றிய குறையே அதிகம். பேச்சின் நடுவில் அறிவியல் ஆசிரியை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். மலைவளத்தின் அருவி, தென்மேற்குப் பருவமழை தரும் சாரல் காலத்து அருவி. பறவைகள் திரளாக மேய்வதோ வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்து, பிசான (அந்த மழையை நம்பி நடும் நெல்) வயலில் தண்ணீர் நிற்கும் காலம். கவிராயர் இரண்டு பருவத்தையும் ஒரே நாடகத்தில் வைத்திருக்கிறார். இரண்டு மழையும் கிடைக்கிற மண்ணில் அது இயல்பு. நாம் ஏன் ஆடியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், தை மாதத்தில் போடலாமே என்றார். மழையும் இருக்காது, மேடைக்குப் பின்னால் குளமும் நிறைந்திருக்கும்.

கலாக்ஷேத்திரா பாணியை எதிர்பார்த்து வந்த ஒருவர், பந்தடித்தலில் ஆட்டம் போதவில்லை என்றார். உண்மைதான். அந்தப் பாட்டின் சந்தம் காலை இழுக்கும். நின்றபடி பாடினால் வீணாகிறது. சிங்கன் வேஷம் பற்றிக் குறை வந்ததாகத் தெரியவில்லை. அந்த மாணவர் இப்போது குழுவின் ஒலி, ஒளிப் பொறுப்பாளர். மண்டபத்திலும் திறந்த வெளியிலும் மைக் எங்கே தொங்க வேண்டும் என்பதில் அவர் சொல்வதே முடிவு.

மாற்றப்போவது

தை மாத ஆட்டத்துக்கு இதுவரை முடிவானவை இவ்வளவு. ஊர்ப்பெயர்க் கண்ணிகளை ஆட்டம் நடக்கும் ஊருக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது. செங்கோட்டையில் போட்டால் அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்த பெயர்கள் முன்னால் வரும். பனுவலில் இல்லாத ஊரைப் புதிதாக நுழைப்பதில்லை. கூடலிழைத்தலை இனி எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது என்று வசந்தவல்லியாக நடித்த மாணவி பிடிவாதமாக இருக்கிறார். வளையம் கூடுமா கூடாதா என்று மணலில் விரல் ஓட்டுகிற அந்த இடத்தில்தான் தன் பாத்திரம் வாய் மூடி ஒன்றைச் செய்கிறது, மற்ற எல்லா இடத்திலும் புலம்பல்தான் என்பது அவர் வாதம். அதற்கு நேரம் கண்டுபிடிக்க உலாவை இன்னும் குறைக்கிறோம்.

பந்தடித்தலைப் பாடுபவரையும் ஆடுபவரையும் பிரிப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. கும்மி நன்றாக அடிக்கிற இரண்டு பெண்கள் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டிருக்கிறோம். வயல் வேலை முடிந்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.